சிகாகோ பேர்ஸ் அணியின் புதிய பயிற்சியாளருக்கு: வீச்சையும் ஓட்டத்தையும் குறித்து ஒரு திறந்த மடல்

நேப்பர்வில், இல்லினாய்
ஜனவரி 2025

மதிப்பிற்குரிய தலைமைப் பயிற்சியாளர் திரு. பென் ஜான்சன் அவர்களுக்கும், பொது மேலாளர் திரு. ரயன் போல்ஸ் அவர்களுக்கும்,

வணக்கம். சிகாகோ நகருக்கு மேற்கே 24 ஆண்டுகளாக வசித்துவரும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் தாய் எழுதும் மடல் இது. என் மூத்த மகன் உயர்நிலைப் பள்ளி அணியில் நான்கு ஆண்டுகள், முன்வரிசையில் நின்று எதிரணியைத் தடுக்கும் இடது கார்டாக ஆடினான். வெள்ளிக்கிழமை இரவுகளில் குளிர்ந்த அலுமினியப் படிகளில் கம்பளியைப் போர்த்தி உட்கார்ந்து, அவன் எண்ணைத் தவிர வேறெதையும் பார்க்காமல், அமெரிக்கக் கால்பந்தை நான் கற்றுக்கொண்டேன். பெரும்பாலானோர் பந்தைத் தொடரும் விளையாட்டில் பந்தையே தொடாத ஒருவனைத் தொடர்ந்தவள் என்பதால், உங்கள் அணியைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. எங்கள் வீட்டுக் கூடத்தில் ஞாயிறுதோறும் பேர்ஸைப் பற்றிய வாதங்கள் தமிழில்தான் நடக்கின்றன. யோசித்த மொழியிலேயே எழுதினால்தான் சொல்ல வந்தது பிசகாமல் வரும் என்பதால் தமிழில் எழுதுகிறேன். மகன் இதை ஆங்கிலத்தில் பெயர்த்து உங்கள் அலுவலகத்துக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறான்.

நீங்கள் பொறுப்பேற்ற இந்தச் சில நாட்களுக்குள்ளாகவே இந்த நகரம் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டது. பேர்ஸ் என்றாலே ஓட்டம், அணியின் பழைய ஓட்ட நாயகன் வால்டர் பேட்டன் ஓடிய மண்ணில் மறுபடியும் பந்தை ஏந்தி ஓடுங்கள் என்கிறது ஒரு கட்சி. பந்தை எறியும் குவார்ட்டர்பேக்காக கேலப் வில்லியம்ஸைப் போன்ற ஒரு கை வாய்த்தபிறகு ஓடி வீணடிக்கும் ஒவ்வொரு முயற்சியும் எதிரணிக்குத் தரும் கொடை, ஆகவே எறிந்துகொண்டே இருங்கள் என்கிறது மற்றது. இரண்டு கட்சியுமே எண்ணிக்கையைப் பற்றித்தான் பேசுகின்றன. எத்தனை முறை ஓடுவது, எத்தனை முறை எறிவது என்பதே அவற்றின் கணக்கு. கடந்த பருவத்தின் 17 ஆட்டங்களையும் பார்த்த எனக்கு, பேர்ஸின் தாக்குதல் அணியைக் கெடுத்தது அந்த எண்ணிக்கை என்று தோன்றவில்லை. அடுத்து என்ன வரப்போகிறது என்று எதிரணிக்கு முன்கூட்டியே தெரிந்திருந்ததுதான் கெடுத்தது.

நடந்ததை ஒருமுறை நினைவுபடுத்துகிறேன். உங்களுக்குத் தெரியாதது எதுவும் இதில் இல்லை. டெட்ராய்ட் லயன்ஸின் தாக்குதல் ஒருங்கிணைப்பாளராக, எதிர்க் கரையிலிருந்து இரண்டு முறை எங்களை வென்றவர் நீங்கள். ஆனால் எங்கள் கரையிலிருந்து அது எப்படித் தெரிந்தது என்பதை யாராவது உங்களிடம் சொல்ல வேண்டும். 2024 செப்டம்பரில் டென்னஸி டைட்டன்ஸுக்கு எதிரான முதல் ஆட்டத்தை 24-17 என்று வென்றோம். ஆனால் தாக்குதல் அணி ஒரு டச்டவுனும் (பந்தை எதிரணியின் கோல் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய் எடுக்கும் ஆறு புள்ளி) எடுக்கவில்லை, வில்லியம்ஸ் எறிந்து சேர்த்தது மொத்தம் 93 யார்டு. இரண்டு வாரம் கழித்து இண்டியானாபொலிஸில் அதே இளைஞனை 52 முறை எறியவிட்டார்கள். 363 யார்டு சேர்த்தும் 21-16 என்று தோற்றோம். அந்த ஆட்டத்தில் 28 முறை ஓடிக் கிடைத்தது வெறும் 63 யார்டு. எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பார்த்தால் 28 ஓட்டம் என்பது ஓட்டத்தைக் கைவிட்ட அணியின் கணக்கு அல்ல. ஓடினார்கள், ஆனால் அந்த ஓட்டங்களில் எதுவும் எதிரணியின் ஒரு வீரனைக்கூட ஓரடி முன்னால் இழுக்கவில்லை. அதனால் அடுத்து வந்த வீச்சுக்கு அவை எந்த உதவியும் செய்யவில்லை.

இடையில் மூன்று வெற்றிகள் வந்தன. லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ், கரோலைனா, லண்டனில் ஜாக்சன்வில் என்று அடுத்தடுத்து வென்றபோது எங்கள் வீட்டில் திருவிழாதான். ராம்ஸுக்கு எதிராக, பந்தை ஏந்தி ஓடும் எங்கள் ரன்னிங் பேக் டிஆண்ட்ரே ஸ்விஃப்ட் 36 யார்டு ஓடி எடுத்த டச்டவுனை என் மகன் இன்னமும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறான். அவன் பார்ப்பது ஸ்விஃப்டை அல்ல, அவருக்கு வழிவிட்ட முன்வரிசையை, அதாவது லைனை. அதற்குப் பின் அக்டோபர் 27 அன்று வாஷிங்டனில், ஆட்டத்தின் கடைசி எறிதலில் 18-15 என்று தோற்ற நாள் முதல் எல்லாம் சரிந்தது. அரிசோனாவிடம் 29-9, நியூ இங்கிலாந்திடம் 19-3. இரண்டு ஆட்டங்களிலும் ஒரு டச்டவுன்கூட இல்லை. நியூ இங்கிலாந்து ஆட்டத்தில் மட்டும் வில்லியம்ஸைப் பந்து கையை விட்டுப் போகும் முன்பே ஒன்பது முறை தரையில் சாய்த்தார்கள். நவம்பர் 12 அன்று தாக்குதல் ஒருங்கிணைப்பாளர் ஷேன் வால்ட்ரன் நீக்கப்பட்டார். நன்றி தெரிவிக்கும் நாளில் டெட்ராய்ட்டில் உங்கள் அப்போதைய அணியிடம் 23-20 என்று தோற்ற மறுநாள், தலைமைப் பயிற்சியாளர் மேட் எபர்ஃபிளஸும் நீக்கப்பட்டார். 1920இல் தொடங்கிய இந்த அணியின் வரலாற்றில் பருவத்தின் நடுவில் ஒரு தலைமைப் பயிற்சியாளரை அனுப்பியது அதுவே முதல்முறை. முடிவில் ஐந்து வெற்றி, பன்னிரண்டு தோல்வி. பேர்ஸ் எடுத்த புள்ளிகள் 310. நீங்கள் தாக்குதலை நடத்திய டெட்ராய்ட் லயன்ஸ் எடுத்தவை 564.

இந்தப் பருவத்தின் எண்களில் என்னைத் தூங்கவிடாத எண் 68. அத்தனை முறை வில்லியம்ஸ் பந்தை எறியும் முன்பே சாய்க்கப்பட்டார், அதாவது சேக் செய்யப்பட்டார். இந்த லீகின் வரலாற்றில் ஒரு பருவத்தில் மிக அதிகமாகச் சாய்க்கப்பட்டவர் 2002இல் ஹூஸ்டன் டெக்ஸன்ஸின் டேவிட் கார், 76 முறை. அவரும் வில்லியம்ஸைப் போல, கல்லூரி வீரர்களை அணிகள் வரிசையாக எடுக்கும் டிராஃப்டில் முதலாவதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். அவர் மீதும் ஒரு நகரம் தன் நம்பிக்கையை எல்லாம் ஏற்றி வைத்திருந்தது. மூன்று ஆண்டுகள் கழித்து 2005இலும் அவரை 68 முறை சாய்த்தார்கள். ஐந்தாவது பருவம் முடிந்தபின் ஹூஸ்டன் அவரை விடுவித்தது. அந்தக் கதையின் முதல் அத்தியாயத்தை நாங்கள் இப்போதுதான் படித்து முடித்திருக்கிறோம் என்ற பயத்தில்தான் இந்த மடலையே தொடங்கினேன்.

அந்த 68க்கும் லைன் மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். வில்லியம்ஸ் 562 முறை எறிந்து ஆறே ஆறு முறைதான் எதிரணியிடம் பந்தைக் கொடுத்தார். புதிதாக வந்த ஒருவருக்கு அது அரிய பக்குவம். ஆனால் தவறாக எறிவதைவிடப் பந்தை வைத்துக்கொண்டு காத்திருப்பது மேல் என்று அவர் பலமுறை முடிவெடுத்ததும் அதே பக்குவத்தின் மறுபக்கம். ஆக, அவருக்குப் பந்தைச் சீக்கிரம் விடக் கற்றுத்தர வேண்டும்; அதே நேரத்தில், எதிரணியின் முன்வரிசை ஒவ்வொரு முயற்சியிலும் அவரையே குறிவைத்துப் பாயாதபடி ஒரு தயக்கத்தை அவர்கள் மனத்தில் ஊன்ற வேண்டும். முதலாவது அவர் பொறுப்பு. இரண்டாவது உங்கள் பொறுப்பு, அதைத்தான் இங்கே பேசுகிறேன்.

எறிதலின் எண்ணிக்கை பிரச்சினை அல்ல என்பதற்கு எங்கள் அணியின் வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. 1995இல் எரிக் கிரேமர் 522 முறை எறிந்து 3,838 யார்டும் 29 டச்டவுனும் எடுத்தார். ஒரு பருவத்தில் பேர்ஸ் குவார்ட்டர்பேக் ஒருவர் எறிந்து சேர்த்த யார்டுகளில் 2024 பருவம் வரை அதுவே அதிகம். 4,000 யார்டைத் தொட்ட ஒரு குவார்ட்டர்பேக்கைக்கூடக் காணாத ஒரே அணி என்ற பெயர் இன்னும் எங்கள் மேல்தான் இருக்கிறது. அந்த 1995இல் கிரேமரைச் சாய்த்தது எத்தனை முறை தெரியுமா? பதினைந்து. வில்லியம்ஸைவிட நாற்பதே முறை குறைவாக எறிந்தவர், அவரைவிட ஐம்பத்து மூன்று முறை குறைவாக விழுந்தார். அதே பருவத்தில் புதுமுகமான ரஷான் சலாம் 1,074 யார்டு ஓடினார். பேர்ஸின் வீச்சு உச்சத்தில் இருந்த ஆண்டு, ஓட்டத்தைத் துறந்த ஆண்டு அல்ல. இரண்டும் ஒன்றையொன்று தாங்கிய ஆண்டு. அந்த அணியும் பிளேஆஃப் என்ற இறுதிச் சுற்றுகளுக்குப் போகவில்லை, தடுப்பு அணி கைகொடுக்கவில்லை. அது வேறு விஷயம்.

ஓட்டக் கட்சிக்காரர்களுக்கும் இதே நகரத்தில் பதில் இருக்கிறது. 2022இல் பேர்ஸ் 3,014 யார்டு ஓடி லீகிலேயே முதலிடம் பெற்றது. குவார்ட்டர்பேக் ஜஸ்டின் ஃபீல்ட்ஸ் மட்டும் 1,143 யார்டு ஓடினார். அந்த ஆண்டு மூன்று வெற்றி, பதினான்கு தோல்வி. எறிந்து சேர்த்த யார்டில் லீகிலேயே கடைசி இடம். ஃபீல்ட்ஸும் 55 முறை சாய்க்கப்பட்டார். ஓடினால் குவார்ட்டர்பேக் தானாகப் பாதுகாக்கப்படுவார் என்று நம்புகிறவர்கள் அந்த 55ஐ ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ளலாம். வெல்லும் அணிகள் அதிகம் ஓடுகின்றன என்று தொலைக்காட்சியில் காட்டப்படும் அட்டவணைகளையும் அப்படியே நம்பிவிட முடியாது. முன்னிலையில் இருக்கும் அணி, கடிகாரத்தைக் கரைப்பதற்காக நான்காவது கால்பகுதி முழுக்க ஓடுகிறது. பின்தங்கிய அணி வேறு வழியின்றி எறிகிறது. அங்கே ஓட்டம் வெற்றியின் விளைவு. வெற்றிக்குக் காரணம் என்று அதைக் காட்டுவது, மழை பெய்தபின் விரித்த குடையைப் பார்த்துக் குடைதான் மழையைக் கொண்டுவந்தது என்பதைப் போன்றது. ஒரு முயற்சிக்குச் சராசரியாகக் கிடைக்கும் யார்டைப் பார்த்தால் இந்தக் காலத்தில் வீச்சே ஓட்டத்தைவிட அதிகம் தருகிறது என்பதும், ஓடுவதாகக் காட்டி எறியும் பிளே ஆக்‌ஷன் பலிப்பதற்கு அதற்கு முன் இத்தனை முறை ஓடியிருக்க வேண்டும் என்ற கணக்கு எதுவும் இல்லை என்பதும் புள்ளிவிவரங்களை ஆராய்ந்தவர்கள் காட்டியிருப்பவை. அவற்றை நான் ஏற்கிறேன்.

அப்படியானால் சமநிலை என்று எதைக் கேட்கிறேன்? பந்து பின்னால் கைமாறி (ஸ்னாப்) ஆட்டம் தொடங்கும் அந்தக் கணத்தில், எதிரணியின் முன்வரிசைக்குப் பின்னால் லைன்பேக்கர் நிற்கும் இடத்தை நினைத்துப் பாருங்கள். ஓட்டம் வந்தால் அவர் முன்னால் பாய்ந்து இடைவெளியை அடைக்க வேண்டும். வீச்சு வந்தால் பின்னால் விலகித் தன் பரப்பைக் காக்க வேண்டும். உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். நல்ல தாக்குதல் அணி அவரை மத்தளமாக்குகிறது. ஆடுகளத்தில் அணிவகுக்கும் விதமும், லைனின் முதல் அடியும், குவார்ட்டர்பேக் திரும்பும் கோணமும் ஓட்டத்துக்கும் வீச்சுக்கும் ஒன்றாகவே இருந்தால், அவர் அரை நொடி தயங்குவார். அந்த அரை நொடிதான் சமநிலை. ஓர் ஆட்டத்தில் 40 முறை எறிந்து 20 முறை ஓடினாலும் அது அமையலாம். முப்பதுக்கு முப்பது என்று சரிபாதியாகப் பிரித்துக்கொண்டும் அது இல்லாமலே போகலாம். கடந்த ஆண்டு, லைன்பேக்கர் அல்லாத நானே, இருபதாவது வரிசையில் உட்கார்ந்து, அடுத்து வரப்போவது ஓட்டமா வீச்சா என்று பெரும்பாலும் சரியாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இந்த அறிவு பேர்ஸுக்கு வெளியிலிருந்து வந்ததல்ல என்பதை நினைக்கும்போதுதான் வருத்தம் கூடுகிறது. 1932 டிசம்பர் 18 அன்று, கடும் பனியாலும் குளிராலும் வெளியே ஆட முடியாமல், சிகாகோ ஸ்டேடியம் என்ற உள்ளரங்கில், கோல் கோட்டுக்குப் பின்னுள்ள இரு முனை எண்ட் ஸோன்களையும் சேர்த்தே 80 யார்டு நீளமிருந்த குட்டைக் களத்தில் சாம்பியன் யார் என்று தீர்மானிக்கும் ஆட்டம் நடந்தது. நான்காவது கால்பகுதி வரை எந்த அணியும் ஒரு புள்ளி எடுக்கவில்லை. கோல் கோட்டுக்குச் சில அடி தூரத்தில், கடைசி முயற்சியில், பந்து பேர்ஸின் பிராங்கோ நகுர்ஸ்கியிடம் போனது. மோதித் தள்ளிக்கொண்டு போவதற்கே பிறந்தவர் என்று பெயர் எடுத்தவர் அவர். அரங்கில் இருந்த ஒவ்வொருவரும், எதிரணியின் பதினொரு பேரும் உட்பட, அவர் முட்டப்போகிறார் என்றே நினைத்தார்கள். கோட்டை நோக்கி வந்தவர் நின்றார், பின்வாங்கினார், எண்ட் ஸோனில் தனியே நின்ற தன் அணித் தோழர் ரெட் கிரேஞ்சுக்குப் பந்தை எறிந்தார். அந்நாள் விதிப்படி எறிகிறவர் கோட்டுக்குக் குறைந்தது ஐந்து யார்டு பின்னால் இருக்க வேண்டும், அவர் அப்படி இல்லை என்று எதிரணி முறையிட்டது, நடுவர் ஏற்கவில்லை. 9-0 என்று பேர்ஸ் வென்றது. அடுத்த ஆண்டே, கோட்டுக்குப் பின்னால் எங்கிருந்து வேண்டுமானாலும் எறியலாம் என்று லீக் விதியை மாற்றியது. இன்றைய வீச்சு ஆட்டத்துக்கு வாசல் திறந்தது, ஓடத் தெரிந்த ஒருவர் ஓடுவதாகக் காட்டி எறிந்த அந்த ஒரு எறிதல். அன்று தோற்ற அணி போர்ட்ஸ்மவுத் ஸ்பார்ட்டன்ஸ். 1934இல் அது டெட்ராய்ட்டுக்கு இடம்பெயர்ந்து லயன்ஸ் ஆனது. நீங்கள் வந்திருப்பது அந்த அணியிலிருந்துதான்.

தொண்ணூற்றிரண்டு ஆண்டுகள் கழித்து அந்தக் கடனை லயன்ஸ் எங்களுக்குத் திருப்பித் தந்ததை நான் நேரில் பார்த்தேன். கடந்த டிசம்பர் 22 அன்று எங்கள் அரங்கமான ஸோல்ஜர் ஃபீல்டில் லயன்ஸ் குவார்ட்டர்பேக் ஜாரெட் காஃப் பந்தை வாங்கித் திரும்பும்போது கால் தடுக்கினார். ரன்னிங் பேக் ஜமீர் கிப்ஸ் அவருக்கு அருகிலேயே தரையில் விழுந்தார். எனக்குப் பக்கத்தில் இருந்த பெரியவர் பந்து விழுந்துவிட்டது என்று எழுந்து நின்று கத்தினார். எங்கள் தடுப்பு வீரர்களும் அப்படியே நினைத்து முன்னால் பாய்ந்தார்கள். காஃப் நிமிர்ந்தார். சாம் லபோர்ட்டா யாருமற்ற வெளியில் பந்தைப் பிடித்து எண்ட் ஸோனுக்குள் போனார். அரங்கம் உறைந்தது. அந்த ஆட்டத்தில் வில்லியம்ஸ் 334 யார்டு எறிந்தார். ஆயினும் 34-17 என்று தோற்றோம். எண்களில் எங்கள் குவார்ட்டர்பேக் நன்றாகவே ஆடினார். ஆனால் உங்கள் அணி எங்கள் தடுப்பு வீரர்களின் கண்ணையும் காலையும் ஆட்டிவைத்தது. எங்கள் அணியால் உங்கள் வீரர்களை அப்படி ஒருமுறைகூடத் தடுமாறச் செய்ய முடியவில்லை. அந்தத் தடுக்கல் நாடகம் பலித்ததற்குக் காரணம், அதற்கு முன் இரண்டு பருவங்களாக காஃப் அதே இடத்தில் நின்று கிப்ஸுக்கும் டேவிட் மாண்ட்கோமரிக்கும் உண்மையாகவே பந்தைக் கொடுத்து வந்ததும், அந்த ஓட்டங்கள் வலித்ததும்தான். 2024இல் கிப்ஸ் 1,412 யார்டு ஓடினார், மாண்ட்கோமரி 775; காஃப் 4,629 யார்டு எறிந்தார். எந்த எண் எந்த எண்ணை உண்டாக்கியது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

இங்கே உங்களிடம் முதல் வேண்டுகோள். காஃப், பந்தைப் பின்னால் தரும் நடுவீரரான சென்டருக்கு நேர் பின்னால் நின்று பந்தை வாங்கி, எதிரணிக்கு முதுகைக் காட்டித் திரும்பிப் பழகியவர். வில்லியம்ஸ் கல்லூரி நாட்களிலிருந்தே சில யார்டு தள்ளி நின்று, களம் முழுவதையும் கண்முன்னால் வைத்தே ஆடி வந்தவர். முதுகைக் காட்டித் திரும்புவது என்றால் ஒன்றரை நொடி குருடாக இருக்கச் சம்மதிப்பது. திரும்பிப் பார்க்கும்போது பாதுகாப்பு வேறு உருவம் எடுத்திருக்கும். அறுபத்தெட்டு முறை அடிவாங்கிய ஒருவரிடம் அந்த நம்பிக்கையைக் கேட்பது சிறிய காரியம் அல்ல. ஆகஸ்டு மாதத்தில் அது அவருக்குக் கைவராமல் போகும், செப்டம்பரில் சில பந்துகள் தவறும். அப்போது, இந்தப் பிள்ளைக்கு இது ஒத்துவராது என்று பழைய நிலைக்கே போய்விடாதீர்கள். ஓட்டத்தையும் வீச்சையும் ஒரே முகத்தோடு காட்டுவதற்கு அந்த நிலையைவிட நல்ல நிலை இல்லை. அவர் களத்தில் தானாகக் கண்டுபிடிக்கும் வழிகளையும் அழித்துவிடாதீர்கள்; அவற்றுக்காகத்தானே அவரை எடுத்தோம்.

இரண்டாவது, லைன். என் மகன் முதல் ஆண்டு ஆடி முடித்தபோது காரில் சொன்ன ஒரு வாக்கியம் என் காதில் இன்னும் இருக்கிறது: “அம்மா, ஓட்டத்துக்கு அழைத்தால் நாங்கள் போய் முட்டுவோம்; வீச்சுக்கு அழைத்தால் அவர்கள் வந்து முட்டுவதை நாங்கள் வாங்கிக்கொள்வோம்.” முந்நூறு பவுண்டு எடையுள்ள ஒரு மனிதரைப் பின்னோக்கி நடந்துகொண்டே தடுப்பது என்பது ஒவ்வொரு முறையும் சிறிது சிறிதாகத் தோற்பதுதான், எவ்வளவு மெதுவாகத் தோற்கிறீர்கள் என்பதே அங்கே திறமை. ஓர் ஆட்டம் முழுக்க அதையே செய்யச் சொன்னால் மூன்றாவது கால்பகுதிக்குள் உடலும் மனமும் தளர்ந்துவிடும், எதிரே இருப்பவர்கள் ஓட்டப் பந்தயக்காரர்களைப் போல விரல் நுனியில் நின்று பாயக் காத்திருப்பார்கள். அவ்வப்போது லைன் முன்னால் போய் முட்டும்போது எதிரே இருப்பவர்களுக்கும் வலிக்கிறது, பாய்வதற்கு முன் அவர்கள் யோசிக்கிறார்கள். ஓட்டத்தின் பலனை யார்டில் மட்டும் அளக்கிறவர்கள் இந்தக் கணக்கைச் சேர்ப்பதில்லை, ஏனென்றால் இது எந்த அட்டவணையிலும் ஏறாது.

திரு. போல்ஸ் அவர்களே, இந்த இடத்தில் உங்களிடமும் பேச வேண்டும். 2023இல் பத்தாவது தேர்வாக எடுத்த டார்னல் ரைட் வலது ஓரத்தில் நன்றாக வளர்ந்து வருகிறார். இடது ஓரத்தில் பிராக்ஸ்டன் ஜோன்ஸ் டிசம்பரில் கணுக்கால் முறிந்து வெளியேறினார். ஆனால் பருவம் முழுக்க உடைந்துகொண்டே இருந்தது நடுப்பகுதி: சென்டரும் இரண்டு கார்டுகளும். ஓரத்தில் வரும் ஆபத்தைக் குவார்ட்டர்பேக் முன்னால் நகர்ந்து தப்பலாம். நடுவில் உடைந்தால் போக இடமில்லை. ஓட்டத்துக்கும் நடுதான் முதல் கதவு. இந்த வசந்தத்தில் உங்களிடம் மீண்டும் பத்தாவது தேர்வு இருக்கிறது, செலவிடப் பணமும் இருக்கிறது. பந்தைப் பிடிக்க டி.ஜே. மூரும் ரோம் ஒடுன்ஸேயும் ஏற்கெனவே இருக்கிறார்கள். இன்னொரு பிடிப்பவரை வாங்கித் தந்து எங்களைக் கைதட்ட வைப்பது எளிது. பெயர் தெரியாத மூன்று பெரிய மனிதர்களை முதலில் கொண்டுவாருங்கள். கைதட்டல் நவம்பரில் வரும்.

திரு. ஜான்சன் அவர்களே, ரன்னிங் பேக் விஷயத்தில் எனக்கு ஒரு பழைய மனத்தாங்கல் உண்டு. மாண்ட்கோமரி 2019 முதல் நான்கு ஆண்டுகள் இங்கே ஆடியவர். சரியான லைன் இல்லாத நாட்களில் ஒரு யார்டை மூன்று யார்டாக்கியவர். 2023இல் அவர் டெட்ராய்ட்டுக்குப் போனபோது, இந்தக் காலத்தில் ரன்னிங் பேக்குக்கு யார் பணம் கொடுப்பார்கள் என்று பேசினோம். அவரைக் கிப்ஸோடு இணைத்து, ஒருவர் நடுவில் இடிக்க, மற்றவர் ஓரத்தில் பறக்க, எங்கள் கண்முன்னே நீங்கள் காட்டினீர்கள். ஸ்விஃப்ட் கடந்த பருவத்தில் 959 யார்டு ஓடினார். ஓட்டத்துக்குச் சராசரி 3.8 யார்டு. அந்தச் சராசரி ஒரு நீண்ட ஓட்டத்தையும் பல பூஜ்ஜியங்களையும் ஒன்றாகக் கலந்து தருகிறது. வாஷிங்டனில் அவர் ஒரே மூச்சில் 56 யார்டு ஓடி டச்டவுன் எடுத்ததும், இண்டியானாபொலிஸில் கோல் கோட்டுக்கு ஒரு யார்டு இருக்கும்போது ஓரமாகச் சுற்றிப் போகச்சொல்லி 12 யார்டு இழந்ததும் ஒரே மனிதர்தான். 2022இல் டெட்ராய்ட்டில் அவர் உங்களிடம் ஆடியவர். எதற்கு அவரை அனுப்ப வேண்டும், எதற்கு அனுப்பக்கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். அவருக்கு ஒரு மாண்ட்கோமரியைத் தேடித்தாருங்கள்.

அந்த ஒரு யார்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வாஷிங்டன் ஆட்டத்திலும் கோல் கோட்டுக்கு ஒரு யார்டில் நின்றபோது, ஒரு மாற்று லைன்மேன் கையில் பந்தைக் கொடுக்கப்போய்க் கை மாறும்போதே பந்து நழுவியது. அதே ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் ரோஷான் ஜான்சன் அதே ஒரு யார்டை நேராக முட்டித் தள்ளி எடுத்தார். தந்திரம் வேண்டாம் என்று நான் கேட்கவில்லை; டிசம்பர் 22 அன்று நான் பார்த்தது தந்திரத்தின் உச்சம். ஆனால் நேர்வழியில் ஒரு யார்டை எடுக்க முடியும் என்று எதிரணி நம்பும்வரை தந்திரத்துக்கு அவர்களிடம் மதிப்பில்லை. நகுர்ஸ்கி முட்டக்கூடியவர் என்பதால்தான் அவர் எறிந்தபோது கிரேஞ்ச் தனியாக நின்றார்.

வானிலையும் இந்தக் கணக்கில் உண்டு. உங்கள் முந்தைய அணி கூரைக்குக் கீழே ஆடுவது. இங்கே டிசம்பரில் ஏரியிலிருந்து வரும் காற்று, எறிந்த பந்தைத் தன் விருப்பப்படி திருப்பும். குளிரில் பந்து கல்லாகும், விரல் மரத்துப்போகும். அந்த நாட்களுக்கென்று நவம்பரில் ஓர் ஓட்டத் திட்டத்தைப் புதிதாகத் தொடங்க முடியாது; செப்டம்பர் வெயிலிலேயே விதைத்திருக்க வேண்டும்.

கடைசியாக முதல் முயற்சியைப் பற்றி. நான்கு முயற்சிகளில் பத்து யார்டு என்ற இந்த ஆட்டத்தின் அடிப்படையில், முதல் முயற்சியில்தான் எதிரணிக்கு எதுவும் தெரியாது. மூன்றாவது முயற்சியில் ஒன்பது யார்டு மீதம் என்றால் அவர்களுக்கு எல்லாம் தெரியும். கடந்த பருவத்தில் முதல் முயற்சியில் ஓடி ஒரு யார்டு, இரண்டாவதில் தடுமாறிய ஒரு எறிதல், மூன்றாவதில் ஒன்பது யார்டுக்காக வில்லியம்ஸ் தன்னந்தனியே ஓடி ஓடிக் கீழே விழுவது என்ற வரிசையை எத்தனை முறை பார்த்தேன் என்று எனக்கே கணக்கில்லை. வில்லியம்ஸைச் சாய்த்தது மூன்றாவது முயற்சியில் என்றாலும் தவறு முதல் முயற்சியில் நடந்தது. முதல் முயற்சியில் எறியத் தயங்காதீர்கள், பிளே ஆக்‌ஷனை அங்கேதான் அதிகம் வையுங்கள். அங்கே ஓடும்போதும், அடுத்த முறை அதே உருவத்தில் எறியப்போவதை மனத்தில் வைத்து ஓடுங்கள். இந்த ஓராண்டுக்குள் வில்லியம்ஸின் காதில் ஆட்டத்தை அழைத்தவர்கள் வால்ட்ரன், அவர் இடத்துக்கு வந்த தாமஸ் பிரவுன், இனி நீங்கள். மூன்று மொழிகளை அவர் கற்க வேண்டியிருக்கிறது. இந்த மூன்றாவதை அவர் மறக்க வேண்டி வராதபடி உரிமையாளர்களும் உங்களுக்குக் காலம் தர வேண்டும் என்று அவர்களையும் இந்த மடலின் வழியே கேட்டுக்கொள்கிறேன்.

செப்டம்பரில் நாங்கள் குடும்பத்தோடு அரங்கில் இருப்போம். முதல் முயற்சியில் ஸ்விஃப்ட் நடுவில் முட்டி ஒரே ஒரு யார்டு எடுக்கும் கணம் நிச்சயம் வரும். பேட்டனின் சிலையைத் தாண்டி உள்ளே வந்த ஆயிரக்கணக்கானோரில் பாதிப்பேர் மறுபடியும் ஓடு என்றும் பாதிப்பேர் எறி என்றும் கத்துவார்கள். என் பக்கத்தில் என் மகன் ஒன்றும் பேசாமல் கார்டுகளின் கால்களைப் பார்த்துக்கொண்டிருப்பான். அப்போது எங்கள் சத்தத்துக்குச் செவிகொடுக்காமல், எதிரணியின் லைன்பேக்கர் அந்த ஓட்டத்துக்கு எத்தனை அடி முன்னால் வந்தார் என்பதை மட்டும் பார்த்து அடுத்த ஆட்டத்தை அழையுங்கள்.

மரியாதையுடன்,
நேப்பர்வில்லிலிருந்து ஒரு லைன்மேனின் தாய்